கழுவின கையாலேயே குழாயை மூடினவள்

முதலில் மன்னித்துக்கொள்ள வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கும். பிழைகளும் இருக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது எனக்கு இன்றுவரைக்கும் பிடிபடவில்லை. அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் சம்பளத் தாளில் பெயர் எழுதியதைத் தவிர வேறெதுவும் எழுதினதில்லை. என் எழுத்து இப்படி இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கடைசியில்தான் வரும்.

நான் கூச்சக்காரன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவன். அப்படிப்பட்ட என்னை ஒரு டிவி கம்பெனிக்குப் பதினேழு கடுதாசி எழுத வைத்தார் ஒரு அம்மா. அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ஏன் எழுதினாய் என்று ஒரு குறை வரும். எழுதாவிட்டால் ஏன் எழுதவில்லை என்று ஒரு குறை வரும். எப்படியும் வரத்தான் போகிறது. வார்டில் எல்லோரும் கூப்பிட்டதுபோல சிஸ்டர் என்றே சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. வானத்தில் போய்ப் பூவாக விரிகிற வெடிக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும். மணிமருந்து என்போம். களத்தில் காய்ந்த மணிமருந்தை அள்ளும்போது தட்டு பற்றிக்கொண்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது உள்ளங்கையும் விரல்களும் வெந்துவிட்டன. கம்பெனி வேனில் கூட்டிக்கொண்டு போனார்கள். போகிற வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, கடைக்காரர் வைத்திருந்த தோசை மாவில் ஒரு கரண்டி எடுத்து என் கையில் அப்பினார்கள். எங்கள் பக்கம் தீப்பட்டால் முதலில் செய்கிற காரியம் அது. குளிர்ச்சி என்பார்கள்.

அரசு ஆஸ்பத்திரித் தீக்காய வார்டில் சிஸ்டர் என் கையைப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, குட்டையான உருவம், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி.

"இது என்ன?"

"தோச மாவு, சிஸ்டர்."

"புளிச்சதா, புளிக்காததா?"

கேலி என்று எனக்குத் தெரியவில்லை. வைத்தியத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். "தெரியல சிஸ்டர். டீக்கடையில அப்புனாக."

"சட்னி ஊத்தலயா?" என்றார். அப்புறம் என் கையைக் குழாய்த் தண்ணீருக்கடியில் பிடித்துக்கொண்டு கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். வலியில் நான் சுவரில் முட்டினேன். அவர் நிறுத்தவில்லை. "சுவர அழுக்காக்காத" என்று மட்டும் சொன்னார்.

அவரால் எந்தத் தப்பையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அதுதான் அவர். கட்டிலில் உட்காருகிற சொந்தக்காரர்கள், மூடாத தண்ணீர்க் குடம், கோணலாக ஒட்டிய பிளாஸ்திரி, எதையும் விட மாட்டார். பெரிய டாக்டர் வார்டுக்குள் நுழைந்தால் சிஸ்டர் ஒன்றும் பேசாமல் குழாய்ப் பக்கம் போய், முழங்கையால் குழாயைத் திறந்துவிட்டு நிற்பார். டாக்டர் கை கழுவும் வரைக்கும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாளும் டாக்டர் அதை மீறிக் கட்டிலுக்கு வந்ததில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு அண்ணாச்சி இருந்தார். வயிற்றிலும் இரண்டு கைகளிலும் காயம். வீட்டில் ஸ்டவ் வெடித்துவிட்டது என்று சொல்லிச் சேர்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் லைசன்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்து வெடி சுற்றுகிறவர்கள் எல்லோருக்கும் ஸ்டவ்தான் வெடிக்கும். சிஸ்டர் அவர் நகத்தைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் வெள்ளியாக மின்னியது.

"அண்ணாச்சி, ஒங்க வீட்ல கொழம்புக்கு அலுமினியப் பொடியா போடுறீக?"

அண்ணாச்சி விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டார்.

"போலீஸ்காரக கேட்டா ஸ்டவ்வுன்னு சொல்லிக்கோங்க, மண்ணெண்ணன்னு சொல்லிக்கோங்க. எனக்கு அது தேவையில்ல. என்ன பொடி பட்டுச்சுன்னு எங்கிட்டச் சொல்லுங்க. அதுக்குத் தக்கனதான் நான் கழுவணும்."

அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். சிஸ்டர் கழுவினார். கழுவுகிற நேரம் முழுவதும் அவரைத் திட்டினார், பொய் சொன்னதற்கு இல்லை, நகம் வெட்டாததற்கு.

வார்டுச் சுவரில் ஒரு டிவி இருந்தது. யாரோ ஒரு முதலாளி நன்கொடையாகக் கொடுத்தது. படத்தைவிட அவர் குடும்பத்தின் பெயர்தான் பெரிதாகத் தெரியும். மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு ஆஸ்பத்திரி சீரியலை மறுபடி போடுவார்கள். அந்த நேரம் சிஸ்டருக்குக் கட்டுக் கட்டும் வேலை முடிந்திருக்கும். உட்கார மாட்டார். வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்ப்பார். பார்ப்பார் என்பதைவிட மேற்பார்வை பார்ப்பார் என்று சொல்ல வேண்டும்.

அந்தச் சீரியலில் ஒரு நர்ஸ் வருவாள். நான் சேர்ந்த புதிதில் அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. டாக்டருக்குப் பின்னால் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பாள். "யெஸ் டாக்டர்" என்பாள். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் சுகந்தி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வந்ததும் கண்ணீரும் வந்துவிட்டது. டாக்டரை நினைத்து மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று அழுவாள்.

"இவ என்னத்த நர்சு" என்பார் சிஸ்டர். தினமும் அந்த ஒரு வார்த்தையில்தான் தொடங்குவார். "அம்புட்டு நேரம் அலமாரிக்குப் பின்னால நின்னா, அங்கன நாலாம் கட்டிலுக்கு யாரு பாட்டில் மாத்துறது?"

"சீரியல்ல நாலாம் கட்டில்ல ஆளே இல்ல சிஸ்டர்" என்பார் அண்ணாச்சி.

"போர்வை மூடியிருக்கு பாருங்க. போர்வைக்குள்ள ஆளு இல்லாமயா?"

எங்களுக்குக் கதை ஒன்றும் புரியவில்லை. யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும். அந்த நேரம் பார்த்து, ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அமுக்கவில்லை என்று சிஸ்டர் ஆரம்பித்துவிடுவார். அவர் முடிக்கும்போது விளம்பரம் வந்துவிடும்.

இதற்கிடையில் என் கைக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கட்டுப் பிரித்தபோது உள்ளங்கைத் தோல் இழுத்துப் பிடித்திருந்தது. விரல்கள் உள்ளே மடங்கப் பார்த்தன. இப்படியே விட்டால் கை முஷ்டியாகவே நின்றுவிடும் என்றார் டாக்டர். முஷ்டியை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனியில் என்ன வேலை பார்ப்பது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், விரலை விரித்தால் உயிர் போனது. ஒரு ரப்பர் பந்து கொடுத்து, அமுக்கி அமுக்கி விரிக்கச் சொன்னார்கள். சிஸ்டர் செருப்புச் சத்தம் கேட்டால் பந்தை எடுப்பேன். போய்விட்டால் தலையணைக்கடியில் வைத்துவிடுவேன்.

மூன்றாம் நாள் அவர் பந்தை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். "தூசி இருக்கு" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் சீரியலில் ஒரு சமையல்காரிக்குக் கை சுட்டுவிட்டது. சுகந்தி ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்து ஊதினாள். பின்னணியில் வீணை வாசித்தார்கள். எனக்கும் கொஞ்சம் கண் கலங்கியது.

சிஸ்டர் நேராக உள்ளே வந்தார். கோடு போட்ட நோட்டு ஒன்றையும் பேனாவையும் என் மடியில் போட்டார்.

"எழுது."

"என்ன எழுதணும் சிஸ்டர்?"

"டிவிக்காரனுக்கு. புண்ணுல வாயால ஊதக்கூடாதுன்னு எழுது."

"நானா? நீங்களே எழுதலாம்ல."

"நான் கவர்மென்டு ஆளு. ஒம் பேர்ல எழுது. நீ நோயாளி. நோயாளிக்குக் கேக்க உரிமை இருக்கு."

"எனக்கு எழுத வராது சிஸ்டர்."

"அவளுக்கு நர்சு வேல வரல. அவ தெனமும் வர்றால்ல?"

அண்ணாச்சி உதவிக்கு வந்தார். "போன்ல கமெண்ட் போட்டாப் போதுமே சிஸ்டர். இப்ப எல்லாரும் அப்படித்தான் போடுறாக."

"போன்ல போட்டா விரலால தள்ளிட்டுப் போயிருவான். தாளா போனா கையால எடுத்துத்தான ஆகணும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஐயா. வணக்கம். நான் ஒரு நோயாளி. எனக்குக் கை வெந்துவிட்டது. உங்கள் நர்ஸ் புண்ணில் ஊதினாள். அது தப்பு. வாயில் கிருமி இருக்கிறது. இப்படியே போனது. அதோடு ஒரு சட்டமும் போட்டார். ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். உள்ளங்கையைத் தாளின் மேல் பரப்பி, அஞ்சு விரலும் தாளில் ஒட்டும்படி அமுக்கி, பத்து எண்ண வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த வாக்கியம். அவர் சொன்னதோ எல்லாம் மூன்று வார்த்தை வாக்கியம்.

"சிஸ்டர், கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்க. ஆளு வலியில நெளியிறான்" என்றார் அண்ணாச்சி.

"நீட்டுனாப் புரியாது."

"யாருக்கு?"

"டிவிக்காரனுக்கு."

அந்த ஒரு கடுதாசிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. முடித்தபோது என் சட்டை நனைந்திருந்தது. சிஸ்டர் வாங்கிப் படித்துவிட்டு, "கிருமிக்குச் சின்ன ரு" என்றார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு. சுகந்தி மோதிரம் போட்டுக்கொண்டு கட்டுக் கட்டினாள், அதற்கு ஒன்று. வெப்பமானியை உதறாமல் வைத்தாள், அதற்கு ஒன்று. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றேதான். சுகந்தி கை கழுவவில்லை. எனக்கு எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். கை வெந்தவன் நான். சீரியலில் எவளோ கை கழுவாததற்கு நான் ஏன் வலி பொறுக்க வேண்டும். அவருக்கு என் கை முக்கியமா, சுகந்தியின் கை முக்கியமா என்று கேட்க நினைப்பேன். கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஒரு நாள் என் வீட்டுக்காரி சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். முகம் சரியில்லை. கூடைக்கடியிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். உள்ளே சுகந்தியாக நடிக்கிற பெண்ணின் போட்டோ. சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, எங்கள் அன்பான ரசிகருக்கு என்று அச்சடித்து, என் பெயரைப் பேனாவால் எழுதியிருந்தது.

"தபால்காரரு தெருவுல நின்னு சத்தமா வாசிச்சுக் குடுத்தாரு" என்றாள். "கையி வெந்து கெடக்கு. இதுல ஒங்களுக்கு இவ போட்டோ கேக்குதா?"

நான் போட்டோவைத் தலையணைக்கடியில் தள்ளப் பார்த்தேன். அண்ணாச்சி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்தால் வயிற்றுப் புண் வலிக்குமே என்று எனக்கு அவர் மேலும் கோபம்.

சிஸ்டர் வந்து போட்டோவை வாங்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரும்மா, நகத்த எம்புட்டு நீளம் வச்சிருக்கா. சாயம் வேற. இந்தக் கையால ஒம் புருசன் புண்ணத் தொட விடுவியா?"

"சத்தியமா விட மாட்டேன் சிஸ்டரம்மா" என்றாள் இவள்.

"அப்ப அவர எழுதச் சொல்லு."

அன்றிலிருந்து வீட்டில் இருந்தும் எனக்கு ஆதரவு போய்விட்டது. பத்து எண்ணுவதை இவள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். சிஸ்டர் எண்ணுவதைவிட மெதுவாக எண்ணினாள்.

பிறகு சீரியலில் சுகந்தியைக் கெட்டவளாக மாற்றினார்கள். யாரோ சொல்லி, நோயாளியின் குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிவைத்தாள். வார்டில் எல்லோரும் ஐயோ பாவி என்றார்கள். சிஸ்டருக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை.

"கெட்டவளாவே இருந்துட்டுப் போறா. கொல்லத்தான் போறா. ஆனா குழாயில காத்து ஏறுறதப் பாக்காம மாத்துறாளே, இவ எங்கன படிச்சா? கெட்டவளுக்கும் வேல தெரியணும்ல."

அதையும் எழுதினேன்.

அப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வியாழக்கிழமை என்று நினைக்கிறேன், சுகந்தி திருந்தினாள். பெரிய விபத்து. வண்டி வண்டியாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். சுகந்தி ஓடி வருகிறாள். நடுவில் நிற்கிறாள். திரும்பிப் போய்க் குழாயைத் திறக்கிறாள். விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். பாட்டு இல்லை, வீணை இல்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

அண்ணாச்சி கட்டுப் போட்ட கையால் என்னைத் தொட்டார். எங்கேயோ மெட்ராஸில் ஒரு ஆள் என் கோணல் எழுத்தைப் படித்திருக்கிறார் என்று நினைத்தேன். வாழ்க்கையில் நான் சொல்லி ஒருவர் ஒன்றைச் செய்தது அதுதான் முதல் தடவை. எல்லோரும் திரும்பி வாசலைப் பார்த்தோம்.

சிஸ்டர் நிலையில் சாய்ந்தபடியே நின்றார். முகம் மாறவில்லை.

"கழுவுன கையாலயே குழாய மூடுறா பாரு" என்றார். "முழங்கை எதுக்கு இருக்கு? எழுது."

எனக்கு வந்த கோபத்தில் நோட்டைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பரவாயில்லை என்று சொன்னால் என்ன. அண்ணாச்சிகூடச் சொன்னார், "சிஸ்டர், இன்னைக்காவது பாராட்டி ஒரு வரி எழுதச் சொல்லலாம்ல" என்று. "பாராட்டுனா அம்புட்டோட நின்னுருவா" என்றார் சிஸ்டர். நான் எழுதினேன். கோபத்தில் அமுக்கினதாலோ என்னவோ, அன்றைக்குத்தான் என் அஞ்சு விரலும் தாளில் முழுசாக ஒட்டின. சிஸ்டர் குனிந்து, விரலுக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு நூல் போகிறதா என்று பார்த்தார். போகவில்லை. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். "ஒரு வருசத்துக்குத் தோல் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். வாரத்துக்கு ஒண்ணு எழுதி, கை விரிக்கணும்" என்றார் சிஸ்டர். அதே மாதம் அவரைக் காரியாபட்டிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போன் நம்பர் வாங்கிக்கொண்டு போனார்.

வெடிமருந்துப் பக்கம் போக எனக்குப் பயமாகிவிட்டது. திருத்தங்கலில் காலண்டர் அடிக்கிற ஒரு அச்சாபீஸில் சேர்ந்தேன். தாள் அடுக்குகிற வேலை. இரண்டு கடுதாசி எழுதினேன். அப்புறம் காலண்டர் சீசன் வந்துவிட்டது. ஆர்டர் மேல் ஆர்டர். காலையிலிருந்து இருட்டும் வரைக்கும் தாள்தான். வந்து படுத்தால் போதும் என்றிருக்கும். நாள் முழுக்கக் கையால்தானே வேலை செய்கிறோம், அது போதாதா என்று நினைத்துக்கொண்டேன்.

சிஸ்டர் போன் செய்வார்.

"எழுதுனியா?"

"எழுதிட்டேன் சிஸ்டர்."

"என்ன எழுதுன?"

"அவ ஒரே கையுறைய ரெண்டு பேருக்குப் போட்டான்னு எழுதுனேன்."

"கை விரிச்சியா?"

"விரிச்சேன் சிஸ்டர்."

கூச்சக்காரன் பொய் சொல்ல மாட்டான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நேரில்தான் சொல்ல வராது. போனில் நன்றாகவே வந்தது.

கடைசியாக அவர் போன் செய்தது சீரியல் முடிந்த மறுநாள். சுகந்தி டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். டாக்டரின் அம்மா, எங்கள் வீட்டு மருமகள் வேலைக்குப் போகத் தேவையில்லை என்றாள். சுகந்தி தொப்பியைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். அத்தோடு வணக்கம் போட்டுவிட்டார்கள். சிஸ்டர் போனிலேயே கடுதாசி முழுவதையும் சொன்னார். நான் தாள் கட்டின் மேல் உட்கார்ந்து உம் கொட்டினேன். "எழுதிக்கிட்டியா?" என்றார். எழுதிக்கொண்டேன் என்றேன். என் கையில் பேனாவே இல்லை.

போன மாதம் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். காரியாபட்டியிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நின்றார். நான் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"ஏப்பா, சட்டப் பட்டன மாத்திப் போட்டுருக்க."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இடது கையால் பட்டனைச் சரி செய்தேன்.

"வலது கையக் காட்டு."

காட்டினேன். மோதிர விரல் பாதி மடங்கியிருந்தது. சுண்டுவிரல் உள்ளங்கைக்குள்ளேயே போயிருந்தது. இப்போது தாள் அடுக்கும்போது அது மடிப்பில் மாட்டுகிறது. சட்டைக் கையை மாட்டும்போதும் மாட்டுகிறது. பேனா பிடித்தால் எழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது.

"எப்பருந்து?" என்றார்.

"தீவாளிக்கு முன்னாடியே சிஸ்டர்."

அவர் அந்தச் சுண்டுவிரலைத் தன் இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். ஒரு அளவுக்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மறுபடி ஒரு தடவை பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என்னென்ன சொல்வார் என்றுகூட எனக்குத் தெரியும். அத்தனைக்கும் தயாராக நின்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுதியதாகச் சொன்னாயே என்றுகூடக் கேட்கவில்லை. அவருடைய பஸ் வந்தது. "வர்றேன்" என்று ஏறிப் போய்விட்டார்.

உலகத்தில் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்த அம்மா, என் கையைப் பார்த்து ஒரு குறையும் சொல்லாமல் போனதை என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. சுகந்திக்கு அவ்வளவு திட்டு. எனக்கு ஒரு வார்த்தைகூட இல்லையா. வீட்டுக்கு வந்து போன் செய்தேன். எடுக்கவில்லை. திரும்ப அவரும் கூப்பிடவில்லை.

ஆகவே இதை எழுதினேன். அச்சில் கெட்டுப்போன காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில் எழுதுகிறேன். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது, ஏனென்றால் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் பேனாவை வைத்துவிட்டுத்தான் எழுதினேன். என் வீட்டுக்காரி எண்ணினாள். டாக்டரிடம் காட்டினேன், ஆபரேஷன் செய்து விரலை விடுவிக்கலாமாம். அதற்கு முன்னாலும் பின்னாலும் விரிக்கத்தான் வேண்டுமாம். அவர் போனில் சொன்ன அந்தக் கடைசிக் கடுதாசியையும் இங்கே எழுதிவிடுகிறேன். எனக்கு மறக்கவில்லை.

ஐயா. வணக்கம். சுகந்திக்குக் கல்யாணம் ஆனதில் சந்தோஷம். தொப்பியை ஏன் கழற்றினீர்கள். அவள் இப்போதுதான் கை கழுவவே கற்றாள். முழங்கையால் குழாயை மூட இன்னும் கற்கவில்லை. நாலாம் கட்டிலில் போர்வை இருக்கிறது. போர்வைக்குள் ஆள் இருக்கிறார். அவரை இனிமேல் யார் பார்ப்பது.

பேனாவை வைத்துவிட்டேன். கையைத் தாளில் பரப்பி அமுக்குகிறேன். மூன்று விரல் ஒட்டுகிறது. மோதிர விரல் நுனி தொடுகிறது. சுண்டுவிரல் இன்னும் வரவில்லை.

கார்த்திகை 14, ஞாயிற்றுக்கிழமை.